மெய்யென்று சொல்லப்பட்ட முத்திரை

சிறுமணல்பாளையத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முற்றத்தில் வான்கோழிகள் மேயும் என்பதும், அவற்றின் கறி சுற்றுவட்டாரச் சந்தைகளில் மற்றக் கறிகளைவிட மலிவாகக் கிடைக்கும் என்பதும், ஆனால் இரைப்பையை மட்டும் அந்த ஊரார் எவருக்கும் விற்பதில்லை என்பதும் அங்கே பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் அறிந்த செய்திகள். வெள்ளம் வடிந்து ஆறு மணல் காட்டும் மாதங்களில் ஊரார் சல்லடைகளோடு இறங்கி, பழங்கால வணிகர்கள் தங்கள் பொதிகளையும் தாழிகளையும் கட்டி அந்தக் கட்டின்மேல் அப்பிய களிமண்ணில் பதித்த முத்திரைக் கற்களைத் தேடுவார்கள். அவை நகத்தின் அளவேயுள்ள செந்நிறச் சூதுபவளங்கள், அவற்றில் இடம்வலம் மாற்றிக் குடையப்பட்ட யானையோ மீனோ இருக்கும், அதன் கீழே ஒரு பெயர் இருக்கும். ஆறு அவற்றைக் கஞ்சத்தனமாகவே கொடுத்தது, வாங்க வந்தவர்களோ கஞ்சர்களாக இல்லை, எனவே ஊரார் பழைய பாசிமணிகளைத் தேய்த்துத் தட்டையாக்கி, பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த துளைக்கருவியால் புதிதாகக் குடைந்து, சோளத்தோடு கலந்து வான்கோழிக்கு ஊட்டிவிடுவார்கள். காலம் இரண்டாயிரம் ஆண்டுகளில் கல்லின்மேல் செய்யும் வேலையை வான்கோழியின் இரைப்பை ஒரு பருவத்துக்குள் செய்து முடித்துவிடும். இதை அந்த ஊர் திருட்டு என்று ஒருபோதும் கருதியதில்லை. இயற்கை குறைவாகக் கொடுத்தால் மனிதன் ஈடுகட்டுகிறான், இதுவும் ஒருவகை வேளாண்மை என்றே கருதியது.

இந்த வேளாண்மையில் மிகச் சிறந்த கை குழந்தைவேலுடையது. முத்திரையைக் கல்லில் பார்த்தால் அதன் முகம் தெரியாது, மண்ணில் பதித்தால்தான் தெரியும் என்பதால், வேலை முடிந்த ஒவ்வொரு கல்லையும் கைக்கெட்டிய ஏதாவது ஒன்றின்மேல் ஈரமண் அப்பிப் பதித்துப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். ஒரு சித்திரை மாதக் காலையில் அவன் கைக்கெட்டியது, அவன் மனைவி மயிலாத்தாள் துணி கட்டி வெயிலில் வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடி. அவன் பதித்தான், பார்த்தான், திருப்தியடைந்தான், மறந்தும் போனான். மறுநாள் சோற்றுவேளையில் மயிலாத்தாள் ஜாடியோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

“துணி அவுரலீங். என்னத்தைப் போட்டு முடிஞ்சீங்க?”

“நானெங்க முடிஞ்சேன்? முடிஞ்சது நீ. நான் மேல ஒரு கல்லை அமுக்கிப் பாத்தேன், அவ்வளவுதான்.”

“அப்பறம் வந்து நீங்களே அவுத்துக் குடுங்க.”

அவனால் அவிழ்க்க முடியவில்லை. அரிவாள்மனை அந்தப் பருத்தித் துணியில் இறங்கவில்லை, சுத்தியல் ஜாடியில் பட்டுத் திரும்பி வந்தது, பக்கத்து வீட்டார் அன்போடு கொண்டுவந்த டிராக்டர் ஏறி இறங்கியபோது ஜாடி ஒரு சாண் பூமிக்குள் போனதே தவிர உடையவில்லை. அதன்பின் யாரும் வியக்கவில்லை. குழந்தைவேல் தன் கற்களோடு, மணல் சலிப்பவன் ஒருவனிடம் வாங்கிய ஆற்றுக் கல் ஒன்றையும் அதே டப்பாவில் கவனமின்றிப் போட்டுவைத்திருந்தான் என்பதும், மெய்யான முத்திரை ஒன்று தன் மெய்யான வேலையைச் செய்திருக்கிறது என்பதும் மாலைக்குள் தெளிவாகிவிட்டன. மூடுவதற்காகச் செய்யப்பட்டது மூடியது. எவன் பெயர் அதில் குடையப்பட்டிருக்கிறதோ அவன் வந்து உடைத்தாலன்றி அது திறக்காது, அவனோ எந்தக் காலத்திலோ மண்ணாகிவிட்டான். அதே கல்லை இன்னொரு ஜாடியில் பதித்தபோது அது சாதுவாகத் திறந்துகொண்டது என்பதிலிருந்து, ஒரு கல் ஒரு முறைதான் மூடும் என்பதையும் ஊர் கற்றுக்கொண்டது. மயிலாத்தாள் எதிர்வீட்டில் ஊறுகாய் கடன் வாங்கிக்கொண்டாள். திறக்காத ஜாடி நியாயவிலைக் கடையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுக்கப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்த மாதங்களில் ஊர் தன்னால் மூட முடிந்ததையெல்லாம் மூடிப் பார்த்தது. குடியை விடுவதாகச் சத்தியம் செய்த ஒருவன் தன் பிராந்தி பாட்டிலை மூடிவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து வேறொரு பாட்டிலிலிருந்து குடித்தான். பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில் ஓரகத்திகள் இருவரும் இடைக்கதவின் இரண்டு பக்கமும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் முத்திரை வைத்தார்கள். தேர்க் கொட்டகையை மூட எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் கல் வாங்கின. ஒரு கட்சியின் கல் மூடியது, மற்றதன் கல் வான்கோழிக் கல் என்று திருவிழாவன்று எல்லோர் முன்னாலும் தெரிந்துபோக, மண்டைகள் உடைந்தன. இதுதான் சிக்கல். மெய்யா பொய்யா என்று பதித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் பதித்துப் பார்த்த கல் தீர்ந்துபோகும். பதிக்காமலேயே சொல்லக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். போலிகளைச் செய்தே வளர்ந்த ஊரில், செய்தவர்களுக்கே தங்கள் கல் எது, ஆற்றின் கல் எது என்று தெரியாமல்போயிருந்தது.

இப்படித்தான் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையிலிருந்து தமயந்தி வந்து சேர்ந்தாள். நெசவாளர் சங்கத்தின் மாடியறையைக் கொடுத்தார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், வந்த அன்றே சங்கத்துக் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை மடித்து முழங்காலை நீட்டினார்.

“நான் கல்லுக்கு டாக்டர்ங்க,” என்றாள்.

“பரவால்லீங். முட்டியும் கல்லாட்டந்தானுங் இருக்குது. ஒருக்காப் பாத்துப்போடுங்.”

அவள் பார்த்தாள். தேய்மானம் இயற்கையானது, போலி அல்ல என்று சொன்னாள். அந்த நகைச்சுவை ஊரெங்கும் பரவியதால் அவளை ஏற்றுக்கொள்வது எளிதாயிற்று. அதன்பின் தினமும் காலையில் படிக்கட்டில் கூட்டம் நின்றது. அவள் லென்ஸைக் கண்ணில் வைத்து, கல்லை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, குடைவின் உட்புறத்தைப் பார்ப்பாள், வேறெங்கும் பார்க்கமாட்டாள். பழைய போலிக்காரர்களும் புதிய போலிக்காரர்களும் மேற்பரப்பைத்தான் ஏமாற்றுகிறார்கள், பள்ளத்துக்குள் எவனும் பொய் சொல்லி முடிப்பதில்லை என்பது அவள் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொன்ன வாக்கியம்.

குழந்தைவேல் அடிக்கடி வந்தான், தன் கல்லை ஆற்றுக் கல் என்று சொல்லிக்கொண்டு.

“இது எந்த வான்கோழி, குழந்தைவேல்?”

“கறுப்புங் மேடம். தையில அறுத்தது.” ஒளிக்கும் வழக்கம் அவனிடம் இல்லை.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம். குழியோட விளிம்பு கத்தி மாதிரி நிக்குது. பழைய ஆளு குருந்தக்கல் தூளைப் போட்டு வில்லால சுத்தித் தேய்ச்சான், அவன் கோடு ஒரு இடத்துல அகலும், ஒரு இடத்துல ஒடுங்கும், தள்ளாடும். உங்க கோடு பட்டாளத்துக்காரன் மாதிரி நடக்குது.”

“ஒரு நாளைக்கு உங்க வாயால நெசம்னு சொல்ல வெக்கறனா இல்லையா பாருங்.”

“அன்னைக்கு நான் இந்தக் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு ஊருக்குப் பஸ் ஏறிடுவேன்.”

அவள் மெய் என்ற ஒவ்வொன்றும் மூடியது, பொய் என்ற ஒவ்வொன்றும் திறந்தது. ஊராட்சித் தலைவர் பரம்பரைச் சொத்து என்று பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததையும் வான்கோழிக் கல் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். பிள்ளைகள் சண்டையில் “தமயந்தி மேடம் மேல சத்தியமா” என்று சொல்லத் தொடங்கினார்கள், பெரியவர்கள் அதைத் திருத்தவில்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊர் சொன்னது. அவளுக்குக் கேட்கவும் தெரியாது என்பதை ஊர் சொல்லவில்லை, ஏனெனில் ஊருக்கு அது வசதியாக இருந்தது. கல் எதன்மேல் வைக்கப்படப்போகிறது என்று அவள் ஒருவரிடமும் விசாரித்ததில்லை. தன் துறை கல்லோடு முடிகிறது என்று நினைத்தாள், படித்தவர்கள் தங்கள் துறை எங்கே முடிகிறது என்பதை எப்போதும் மிகத் துல்லியமாக அறிந்திருப்பார்கள். மருமகள் ஒருத்தி விழுந்த கிணறு, தமயந்தி மெய் என்ற கல்லால் போலீஸ் வருவதற்குமுன் மூடப்பட்டது. பிறகு தெற்குத் தெருக் குழாய். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் காலிக் குடத்தோடு மாடியேறி வந்தாள்.

“எங்க குழாய்க்கு வெச்ச கல்லு நீங்க பாத்துக் குடுத்ததுங்களா?”

“யானை போட்ட கல்லா? ஆமா. கல்லு சரியான கல்லுதான்.”

“கல்லு சரிதானுங். எங்களுக்குத்தான் தண்ணியில்ல.”

அவள் கீழே இறங்கிப் போகும்போது குடம் படிக்கட்டுச் சுவரில் இடித்துக்கொண்டே போன ஓசையைத் தமயந்தி அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் மறுநாள் காலையிலும் லென்ஸைத் துடைத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

வந்தவர்களில் லென்ஸை வாங்கித் தானும் பார்க்கவேண்டும் என்று கேட்டவள் ஒருத்திதான்: விதைக்கடைச் சென்னியப்பனின் மகள் பிரவீணா, கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தவள். கல்லைப் பார்ப்பது சாக்கு. மாடியறையின் ஜன்னலுக்கு எதிரில் மின்கம்பம் இருந்தது, அதில் அடிக்கடி ஏறிக்கொண்டிருந்தவன் தெற்குத் தெருவைச் சேர்ந்த லைன்மேன் யுவராஜ்.

“கம்பத்து மேல நின்னு பாத்தா இந்த ஊரே தீப்பெட்டியாட்டம் இருக்குதாமுங், சொல்றாங்க,” என்றாள் லென்ஸுக்குள் பார்த்தபடி. பிறகு, “நீங்க இதுவரைக்கும் பொய்யே சொன்னதில்லீங்களா மேடம்?”

“நிறையச் சொல்லியிருக்கேன். கல்லு விஷயத்துல சொன்னதில்லை.”

“அப்ப அது ஒண்ணையாச்சும் நம்பலாமுங்.”

ஆடி மாதத்தில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போய், வழியிலேயே பிடிபட்டார்கள். யுவராஜ் இடுப்பெலும்பு உடைந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிரவீணாவைச் சென்னியப்பன் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முற்பகலில் தமயந்திக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், வாடகை நாற்காலிகளில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பெண் எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமா இழவா என்று முகங்களிலிருந்து சொல்ல முடியவில்லை. உள்ளே, முற்றத்தை அடுத்து, விதை மூட்டைகள் வைக்கும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. கதவிலிருந்த தாழ்ப்பாளைத் தச்சன் கழற்றித் தரையில் வைத்திருந்தான், திருகாணிகள் அதன் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. இனி தேவைப்படாத பொருள். சென்னியப்பன் கை கூப்பினார். தாம்பூலத் தட்டில் இரண்டு கற்களை நீட்டினார்.

“ரெண்டுல எது நெசம்னு மட்டும் சொல்லிப்போட்டீங்கன்னாப் போதுமுங்.”

தமயந்தி வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். “எதை மூடப்போறீங்க? உள்ளே என்ன இருக்கு?”

“என்ற பொண்ணுங்.”

முற்றத்தில் யாரோ காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“நாங்க கை வெக்க மாட்டமுங்,” என்றார் சென்னியப்பன், தன் நாகரிகத்தை அவள் கவனிக்கவேண்டும் என்ற குரலில். “அருவா எடுக்கற வம்சமில்ல. ரத்தம் கித்தம் ஒண்ணுமில்ல. கதவைச் சாத்தறம், அவ்வளவுதானுங்.”

“யாருங் அது, கல்லு பாக்கற மேடமா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து பிரவீணாவின் குரல் வந்தது. தாய் ராமாத்தாள் கதவோரத் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

தமயந்தி லென்ஸை எடுத்தாள், ஏனெனில் யோசிப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முதல் கல்லில் மீன். குடைவு தள்ளாடியது, பள்ளத்தின் அடியில் சொரசொரப்பான மங்கல், விளிம்புகள் பல தலைமுறைக் கைகள் தொட்டு மழுங்கியவை. ஐயத்துக்கிடமில்லாத மெய்க்கல், அவள் அந்த ஊரில் பார்த்தவற்றில் மிக அழகானது. இரண்டாவதில் யானை. பட்டாளத்துக்காரன் நடை. முதுகுக் கோட்டில் துளைக்கருவி துள்ளிய தடம், யானையின் கீழே எந்தக் காலத்திலும் எவனுக்கும் இட்டிராத ஒரு பெயர். முற்றத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த குழந்தைவேலின் கல். பேச மறுத்தால் இரண்டையும் பதிப்பார்கள், இரண்டும் பொய் என்றாலும் இரண்டையும் பதிப்பார்கள் என்பதை அவள் கணக்கிட்டாள். லென்ஸை இறக்கினாள்.

“யானை பழசு,” என்றாள், வகுப்பில் பேசும் குரலில், கூட்டம் முழுவதும் கேட்கும்படி. “நல்ல கல்லு. மீன் வான்கோழி வயித்துலேருந்து வந்தது.”

குழந்தைவேலின் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சிதான் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அது கண்ணிமைக்கும் நேரம் இருந்தது. பிறகு அவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், புரிந்துகொண்டான். அவன் வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது.

“மேடம் சொன்னாச் சரிதானுங்,” என்றான்.

ஏமாற்றப்பட்ட கோபத்தில் சென்னியப்பன் மீன் கல்லை அம்மியில் வைத்துக் குழவியால் அடித்துப் பொடியாக்கினார். ஆற்றின் அடியில் அத்தனை நூற்றாண்டுகள் பொறுத்திருந்த யாரோ ஒரு மனிதனின் பெயர் சிவப்புத் தூளாகி, மிளகாய்த் தூளிலிருந்து பிரித்தறிய முடியாததாயிற்று. கதவிடுக்கில் களிமண் அப்பினார்கள். யானையைப் பதித்தார்கள். பெண்கள் குலவையிடுவதா அழுவதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் அழுதார்கள். அந்த ஊரில் சாவு நடந்த வீட்டாரும் தெருவாரும் உடனே ஆற்றுக்குப் போய்த் தலைமுழுக வேண்டும். இதையும் சாவு என்றே கொள்வதாக முன்னரே முடிவாகியிருந்ததால், வேட்டிகளும் சேலைகளும் மூட்டைகட்டித் தயாராக இருந்தன. தமயந்தி நம்பியது இந்த வழக்கத்தைத்தான். வீடு காலியாகும், தெருவும் காலியாகும், தாழ்ப்பாள் தரையில் கிடக்கிறது.

ராமாத்தாளைத் தாங்கிப் பிடிப்பதுபோல் நெருங்கி, காதில் சொன்னாள்: “அது போலி. உள்ளேருந்து இழுத்தாத் திறந்துக்கும். எல்லாரும் போனதும் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

ராமாத்தாள் கதவின்மேல் விழுந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பெற்று வளர்த்ததையும் பால் கொடுத்ததையும் சொல்லி அழுத அந்த ராகத்துக்குள்ளேயே, கல்லு பொய்யடி என் கண்ணு, கதவு பொய்யடி, இழுத்தா வந்துரும், எழுந்து போ தாயி என்று சேர்த்துப் பாடினாள். சுற்றி நின்ற பெண்கள் அதைத் துக்கத்தின் பிதற்றல் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் வாகை மரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து சாலையின் மறுபக்கம் போனது. ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று, பிறகு இன்னொன்று. நடத்துனர் தலையை நீட்டி “ஏறலீங்களா?” என்று கேட்டார். ஊரின் பெரிய தெரு அவள் கண்ணெதிரே வெறுமையாகக் கிடந்தது, அதில் வான்கோழிகள் மட்டும் குறுக்கே நடந்தன. பிரவீணா வரவில்லை. தமயந்தி எழுந்து திரும்ப நடந்தாள்.

பந்தலில் காலி நாற்காலிகள். அவள் விதையறைக் கதவின் முன் நின்றாள்.

“பிரவீணா. நான்தான். ஏன் வரலை? அம்மா சொன்னது கேட்கலையா?”

“கேட்டுச்சுங்.” குரல் களைத்திருந்தது, ஆனால் அமைதியாக இருந்தது. “அம்மா பாவமுங், மனசு தாங்காம எதையோ பாடுச்சு. நீங்க சொன்னதும் கேட்டுச்சே.”

“நான் சொன்னது பொய். உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னேன்.”

“கல்லு விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மேடம்.”

“இன்னைக்குச் சொன்னேன்.”

“இல்லீங். இப்பச் சொல்றீங்க.” பிறகு, “நான் இழுத்தும் பாத்தனுங். வரல,” என்றாள்.

தமயந்தி இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்துத் தள்ளினாள். தோளால் இடித்தாள். தாழ்ப்பாளில்லாத பழைய வேப்பமரக் கதவு, கறையான் அரித்த கதவு, மலைபோல் நின்றது. களிமண்ணை நகத்தால் பிறாண்டினாள். அது இன்னும் ஈரமாகவே இருந்தது, ஆனால் நகம் இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் காலடி கேட்டது. தலைமுழுகாமல், ஆற்றுக்குப் போவதுபோல் போய்விட்டுக் குழந்தைவேல் கடப்பாரையோடு வந்திருந்தான். அதைக் கதவிடுக்கில் செருகி நெம்பினான். கடப்பாரை வளைந்தது. கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரிக்கப் பார்த்தான், ஒரு ஓடுகூட அசையவில்லை. இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துப் பேசினான்.

“அம்மணி, அது என்ற கல்லுங் கண்ணு. நாந்தான் செஞ்சேன். இந்தக் கையால. மாரியாத்தா மேல ஆணையா.”

“அவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கீங்களாண்ணா?” என்றாள் பிரவீணா உள்ளிருந்து, சிரிக்க முயல்வதுபோல.

தமயந்தி லென்ஸை எடுத்துக் களிமண்ணிலிருந்த பதிவின்மேல் குனிந்தாள். அங்கே எல்லாம் இருந்தது. துள்ளிய தடம் இருந்தது, நேர்கோடு இருந்தது, கத்தி விளிம்பு இருந்தது. எந்த மாணவனும் முதல் பருவத்திலேயே கண்டுபிடித்துவிடக்கூடிய போலி. அது மூடியிருந்தது. மெய்யான முத்திரையென்றால் இறந்துபோன ஒருவனையாவது நினைத்துக் கெஞ்சலாம்; இந்தப் பெயருக்குரியவன் பிறக்கவேயில்லை, ஆதலால் இறக்கவுமில்லை, எந்த உலகத்திலிருந்தும் அவன் வந்து திறக்கப்போவதில்லை.

ஈரத் துணிகளோடு ஊர் திரும்பியபோது அவள் திரும்பி நின்று எல்லோருக்கும் சொன்னாள். “அது போலி. நான் பொய் சொன்னேன். மெய்க்கல்லை நீங்க அம்மியில அரைச்சிட்டீங்க.”

ராமாத்தாள் ஓடிவந்து கதவைத் தள்ளினாள். பிறகு கதவோரத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே கதவைத் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை என்று கண்டு, கோபமின்றி, ஏறக்குறைய பரிவோடு கேட்டார்.

“போலின்னா ஏனுங் தொறக்கல?”

அவள் பதிவிலிருந்த துள்ளிய தடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“நீங்க சொன்னது எது மேடம் இதுவரைக்கும் தப்பாப் போச்சு? பொம்பள மனசு, எளகிப்போச்சு. உக்காருங்க. யாராச்சும் மேடத்துக்குக் காப்பி குடுங்க.”

அவள் உட்கார்ந்தாள், நாற்காலியில் அல்ல, கதவின் முன் தரையில், ராமாத்தாளுக்குப் பக்கத்தில். பதிவின்மேல் லென்ஸை வைத்து, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி, வகுப்பெடுக்கும் நிதானத்தோடு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். கேட்பவளுக்குப் புரிந்தால், புரிந்தவள் நம்பினால், நம்பியவள் இழுத்தால் என்று அவளுக்குள் இன்னும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“துதிக்கை. நுனியிலிருந்து அடிவரைக்கும் ஒரே அகலம். வில்லால சுத்துற கைக்கு அது வராது. கேக்குதா?”

“ம்,” என்றாள் பிரவீணா.

“ஆமாங் கண்ணு, அது மெசினு,” என்றான் குழந்தைவேல்.

“முதுகு. கருவி இங்கே துள்ளியிருக்கு. பழைய ஆளு அவசரப்பட மாட்டான்.”

“அன்னைக்குக் கரண்ட்டு ஏறி இறங்குச்சு,” என்றான் அவன்.

“ம்.”

பெண்கள் ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு சுற்றிலும் உட்கார்ந்தார்கள். சொல்லும் குரலுக்கும் ஆமோதிக்கும் குரலுக்கும் இடையில் ஒரு தாளம் இருப்பதைக் கண்டு, ஒருத்தி மெல்ல மார்பில் தட்டத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். படித்தவர்கள் ஊரில் இப்படித்தான் ஒப்பாரி வைப்பார்கள் போலும் என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது. காதில் குடைந்த வளையத்தையும், வாலின் முறுக்கையும், எந்தத் தாயும் எந்தப் பிள்ளைக்கும் வைத்திராத அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அவள் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து ‘ம்’ வந்தது, காற்றுக் குறைந்த அறையில் வருவதுபோல் வந்தது, பின்பு இடைவெளி விட்டு வந்தது. முன்னங்காலின் நகங்களைப் பற்றி அவள் சொன்னபோது பதில் வரவில்லை. தமயந்தி காத்திருந்தாள். குழந்தைவேல் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு அவள் லென்ஸை ஒரு நெல்லளவு நகர்த்தி, பின்னங்காலுக்கு வந்தாள்.